உணவுக்குழாய் அறுவை சிகிச்சையில் மயக்கமும் வலி நிவாரணமும்: புதிதாகத் தியேட்டருக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

உணவுக்குழாயை வெட்டி எடுத்து, இரைப்பையைக் குழாய்போல் தைத்து மேலே இழுத்து இணைக்கும் அறுவை, மயக்கவியலில் மிகப் பெரியவற்றில் ஒன்று. வயிறு, மார்பு, சில சமயம் கழுத்து என இரண்டு மூன்று இடங்களில் கத்தி படும். மணிக்கணக்கில் ஒரு நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். படுத்திருப்பவரோ மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் மெலிந்தவர், பல வேளைகளில் பீடியோ சிகரெட்டோ பிடித்தவர்.

இந்த நோயாளிகளை அறுவைக்குப் பின் அதிகம் சாய்ப்பவை இரண்டு: நிமோனியா, இணைப்புக் கசிவு. முதலாவதில் நம் கை நேரடியாக இருக்கிறது. வலித்தால் ஆழ்ந்து மூச்சு விடமாட்டார், இருமமாட்டார். சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், மூன்றாம் நாள் காய்ச்சல் வரும். ஆகவே வலி நிவாரணத் திட்டம் என்பது நுரையீரலைக் காக்கும் திட்டம். அசையாமல் படுத்திருப்பவரிடம் "வலிக்கிறதா?" என்று கேட்டு, "இல்லை" என்று எழுதிவிட்டுப் போவதில் பயனில்லை. இருமச் சொல்லி, அப்போது எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

கீழே உள்ள அளவுகள் பெரியவர்களுக்கானவை. மூத்தவர் அருகில் நிற்க, உங்கள் மருத்துவமனை நெறிமுறையோடு ஒப்பிட்டே பயன்படுத்துங்கள்.

முதல் படி: கத்தி எங்கே படும் என்று கேளுங்கள்

பட்டியலில் "ஈசோஃபஜெக்டமி" (உணவுக்குழாய் நீக்கம்) என்று மட்டும் இருக்கும். அது போதாது. முந்தைய நாளே சர்ஜனிடம் கேட்டுவிடுங்கள்.

ஐவர் லூயிஸ் முறையில் முதலில் வயிறு, பிறகு நோயாளியை இடப்பக்கமாகத் திருப்பி வலது மார்பு, இணைப்பு மார்புக்குள். மெக்கியூன் முறையில் முதலில் வலது மார்பு, பிறகு மல்லாத்தி வயிறும் கழுத்தும். இணைப்பு கழுத்தில், பெரும்பாலும் இடப்பக்கம். டிரான்ஸ்ஹயேட்டல் முறையில் மார்பைத் திறப்பதில்லை. வயிற்றிலிருந்தும் கழுத்திலிருந்தும் கைவிட்டுப் பிரிப்பார்கள். அதற்கு ஒற்றை நுரையீரல் சுவாசம் தேவைப்படாது, ஆனால் இதயத்துக்குப் பின்னால் கை போகும் கட்டம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இதோடு இன்னும் மூன்று கேள்விகள்: திறந்த மார்பா, தோராகோஸ்கோப்பியா (சிறு துளை வழியே கேமராவால் செய்வது)? தோராகோஸ்கோப்பி என்றால் பக்கவாட்டிலா, குப்புறப் படுக்க வைத்தா? உணவூட்டத்துக்குச் சிறுகுடலில் ஜெஜுனாஸ்டமி குழாய் வைப்பார்களா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் அறுவைக்குப் பின் வலி மாத்திரை எந்த வழியாகப் போகும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

மார்பு வெட்டு பொதுவாக 4 முதல் 7 வரையுள்ள மார்பு நரம்புகளின் பகுதியிலும், மேல்வயிற்று வெட்டு 6 முதல் 10 வரையிலும் விழும். எபிடியூரல் (தண்டுவட உறைக்கு வெளியே கதீட்டர் வைத்து மரக்கும் மருந்து செலுத்துவது) போட்டால், மரத்த ஒரே பட்டை இரண்டையும் மூட வேண்டும். அதனால்தான் மார்பு முள்ளெலும்பு 6-7 அல்லது 7-8 இடைவெளியைத் தேர்ந்தெடுக்கிறோம்.

இரண்டாம் படி: மயக்கவியல் பரிசோதனைக் கூடத்தில்

பலர் கீமோவும் கதிர்வீச்சும் முடித்து, சில வாரம் கழித்து வருவார்கள். கிராஸ் என்ற கீமோ-கதிர்வீச்சுத் திட்டத்தில் பாக்ளிடாக்ஸலும் கார்போபிளாட்டினும் வாரம் ஒரு முறையாக ஐந்து வாரம், கூடவே 41.4 கிரே கதிர்வீச்சு. இவர்களிடம் ஹீமோகுளோபின், தட்டணுக்கள், சிறுநீரகம் மூன்றையும் புதிதாகப் பாருங்கள். கீமோவுக்கு முன் எடுத்த ரிப்போர்ட் செல்லாது.

எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் ஊட்டத்தைச் சரிசெய்யாமல் அவசரப்படக் கூடாது. வெகுநாள் பட்டினியில் இருந்தவருக்குத் திடீரென முழு உணவு கொடுத்தால் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் சரியும். தயாமின் கொடுத்து, மெல்ல ஏற்றுவதே முறை.

புகையை நான்கு வாரமாவது முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். பல்லையும் வாயையும் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். வாயில் இருக்கும் கிருமிதான் நுரையீரலுக்கு இறங்குகிறது. மூன்று பந்து வைத்த ஸ்பைரோமீட்டரை இப்போதே கையில் கொடுத்துப் பழக்கிவிடுங்கள். வலியும் கலக்கமும் சேர்ந்திருக்கும் முதல் நாளில் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமும் பழக்கமும் இப்போதே வர வேண்டும்.

சி.டி. படத்தை ரிப்போர்ட்டில் படித்து விட்டுவிடாமல் நீங்களே பாருங்கள். கட்டி மேல் அல்லது நடுப் பகுதியில் இருந்தால் மூச்சுக்குழாயையோ இடது பெரிய கிளையையோ அழுத்துகிறதா, உள்ளே நுழைந்திருக்கிறதா? இந்தியாவில் செதிலணுப் புற்றே அதிகம், அது நடுப்பகுதியில் நிறைய வருவது. அதனால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி எழும். சந்தேகம் இருந்தால் பிராங்கோஸ்கோப்பி முடியாமல் தேதி வேண்டாம்.

இரத்தத்தை இளக்கும் மருந்துகளின் கணக்கை எழுதி வையுங்கள். தடுப்பு அளவு எனாக்ஸபாரின் என்றால் எபிடியூரலுக்கு 12 மணி நேரம் முன்பு நின்றிருக்க வேண்டும். சிகிச்சை அளவென்றால் 24 மணி நேரம். குளோபிடோக்ரெல் 5 முதல் 7 நாள். குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் என்றால் தடையில்லை. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் நேரத்தின் அளவு) 1.4ஐத் தாண்டினாலோ மூத்தவரோடு பேசாமல் ஊசியை எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: எபிடியூரல்

அறுவைக்குப் பின் விரைவாகத் தேறும் முறைகளை வகுக்கும் இராஸ் சங்கம் 2019இல் வெளியிட்ட உணவுக்குழாய் அறுவை வழிகாட்டி, மார்பு எபிடியூரலை முதல் தேர்வாகவும் பாராவெர்டிப்ரலை (முள்ளெலும்புக்குப் பக்கத்தில் நரம்பு வெளிவரும் இடத்தில் மருந்து போடுவது) நல்ல மாற்றாகவும் சொல்கிறது. திறந்த மார்பும் திறந்த வயிறும் என்றால் எபிடியூரலுக்கு இணையாக எதையும் சொல்வது கடினம். இரண்டும் துளைவழி என்றால் அதன் முன்னிலை குறைந்துவிடுகிறது. அங்கே பாராவெர்டிப்ரலைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை.

மயக்கத்துக்கு முன், விழித்திருக்கும்போதே போடுங்கள். ஊசி தவறான இடத்தைத் தொட்டால் "மின்சாரம் அடித்ததுபோல் இருக்கிறது" என்று சொல்ல ஆள் விழித்திருக்க வேண்டும். சிரை ஊசியும் மானிட்டரும் மாட்டி, உட்கார வைத்து, காலை ஸ்டூலில் ஊன்றி, தலையணையை அணைத்து முதுகை வளைக்கச் சொல்லுங்கள். தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை. ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் நன்றாகக் காயட்டும். ஈரமாக இருக்கும்போது ஊசி போகக் கூடாது.

தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏறத்தாழ ஏழாம் மார்பு முள்ளின் மட்டத்தில் வரும். கையால் எண்ணினால் ஓர் இடைவெளி தப்புவது சகஜம். அல்ட்ராசவுண்ட் இருந்தால் பயன்படுத்துங்கள்.

நடு மார்பில் முள்கள் ஓட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்திருக்கும். நேர்நடுவில் போனால் எலும்பிலேயே முட்டிக்கொண்டிருப்பீர்கள். பக்கவழியே இங்கே எளிது:

1. முள்ளின் கீழ்விளிம்புக்கு 1 முதல் 1.5 செ.மீ. பக்கத்தில் 2 சதவீத லிக்னொகெய்ன் 3 முதல் 5 மி.லி. போட்டு மரக்க வையுங்கள், ஆழம் வரை.
2. 18 அல்லது 16 கேஜ் டூயி ஊசியை நேராகச் செலுத்தி எலும்புத் தகட்டைத் தொடுங்கள். ஆழத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.
3. சற்றே பின்னிழுத்து, நடுப்பக்கம் 10 முதல் 15 டிகிரியும், தலைப்பக்கம் நன்றாகவும் சாய்த்து, தகட்டின் மேல்விளிம்பைத் தாண்டும்வரை மெல்ல நகர்த்துங்கள்.
4. உப்புநீர் நிரப்பிய சிரிஞ்சை மாட்டி, எதிர்ப்பு விடுபடுவதைப் பாருங்கள். சராசரி உடம்பில் 4 முதல் 6 செ.மீ. ஆழம், மெலிந்தவரிடம் இதற்கு முன்பே வந்துவிடும்.
5. கதீட்டர் உள்ளே 4 முதல் 5 செ.மீ. இருக்கட்டும். இடம் 5 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது என்றால் தோலில் குறி 9 முதல் 10. ஊசி உள்ளே இருக்கும்போது கதீட்டரை மட்டும் பின்னிழுக்காதீர்கள். முனை அறுந்து உள்ளே தங்கும். இழுத்தால் ஊசியோடு சேர்த்து.
6. இழுத்துப் பாருங்கள்: இரத்தமோ தண்டுவடநீரோ வரக் கூடாது. பிறகு சோதனை அளவு: 1:200000 அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னொகெய்ன் 3 மி.லி. ஒரு நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 20 எகிறினால் கதீட்டர் இரத்தக் குழாயில். ஐந்து நிமிடத்தில் கால் கனத்தால் தண்டுவடநீரில்.

இதற்குப் பிறகு பலரும் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. 10, 15 நிமிடம் காத்திருந்து, பனிக்கட்டியால் இரு பக்கமும் மார்பில் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி மங்கிய பட்டை தெரிந்தால்தான் எபிடியூரல் வேலை செய்கிறது. "ஆளை மயக்கணும், நேரமாகுது" என்று இதைத் தள்ளிப்போட்டால், அது ஓடவில்லை என்பது சாயங்காலம் அவர் வலியால் துடிக்கும்போதுதான் தெரியவரும். அப்போது அதைத் திரும்பப் போடுவதும் முடியாத காரியம்.

மருந்துக் கலவை, 50 மி.லி. சிரிஞ்சுக்கு: 0.5 சதவீத புபிவகெய்ன் 10 மி.லி., ஃபென்டனில் 100 மைக்ரோகிராம் அதாவது 2 மி.லி., உப்புநீர் 38 மி.லி. இது 0.1 சதவீத புபிவகெய்னும் மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனிலும் ஆகும். வேகம் மணிக்கு 5 முதல் 10 மி.லி. ஸ்பைனலுக்கு வைத்திருக்கும் 'ஹெவி' புபிவகெய்னை எடுத்துவிடாதீர்கள். அதில் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது. பாட்டிலின் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். பம்பிலும் குழாயிலும் 'எபிடியூரல் மட்டும்' என்று பெரிதாக ஒட்டுங்கள்.

புபிவகெய்ன் ஒரு தடவையில் கிலோவுக்கு 2 மி.கி.யைத் தாண்ட வேண்டாம். 45 கிலோ ஆளுக்கு அது 90 மி.கி. தான். எபிடியூரலோடு சர்ஜனும் வெட்டில் மருந்து போட்டால் இரண்டையும் கூட்டுங்கள். காது இரைச்சல், நாக்கு மரப்பு, குழப்பம், வலிப்பு, தாளம் தவறிய இதயம் என வந்தால் உள்ளூர் மருந்து நச்சு: செலுத்துவதை நிறுத்தி, ஆக்சிஜன் கொடுத்து, 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் கிலோவுக்கு 1.5 மி.லி. விரைவாக, பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. அந்தப் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

எபிடியூரல் முடியாதபோது

பாராவெர்டிப்ரல்: மார்பை மூடும் முன் சர்ஜனே கண்ணால் பார்த்து கதீட்டரை வைக்கலாம், அல்லது நீங்கள் அல்ட்ராசவுண்டில். 0.25 சதவீத புபிவகெய்ன் 15 முதல் 20 மி.லி. தொடக்கத்தில், பிறகு 0.125 சதவீதம் மணிக்குக் கிலோவுக்கு 0.1 மி.லி. இரத்த அழுத்தம் அவ்வளவாக விழாது, சிறுநீர் அடைக்காது. ஆனால் இது ஒரு பக்க மார்புக்கு மட்டும். வயிற்று வெட்டை மறந்துவிட்டால் நோயாளி நினைவூட்டுவார். அதற்கு வயிற்றுச் சுவரை மரக்க வைக்கும் டாப் பிளாக்கோ ரெக்டஸ் ஷீத் பிளாக்கோ தனியாக வேண்டும். மார்புச் சவ்வு கிழிந்திருந்தால் மருந்து உள்ளே வழிந்து மார்பு வடிகுழாய் வழியாகப் போய்விடும். மரப்பு இல்லாமல் வடிகால் மட்டும் கூடினால் இதை நினையுங்கள்.

தண்டுவடநீரில் மார்ஃபின்: இடுப்பு மட்டத்தில் 200 முதல் 300 மைக்ரோகிராம், பதப்படுத்தும் பொருள் சேராதது. ஒரு நாள் தாங்கும். அந்த ஒரு நாளும் மூச்சு எண்ணிக்கையை மணிக்கொரு முறை எண்ணும் வார்டு இருந்தால் மட்டும்.

எரெக்டர் ஸ்பைனே பிளாக் (முதுகுத் தசைக்கு அடியில் மருந்து) போடுவது எளிது, பாதுகாப்பானது. ஆழ்ந்த வலிக்கு அது மட்டும் போதும் என்று நம்பிவிட வேண்டாம்.

நான்காம் படி: மயக்குதல்

பட்டினி விதி திட உணவுக்கு 6 மணி, தெளிந்த நீருக்கு 2 மணி. அடைபட்ட உணவுக்குழாய்க்கு இந்தக் கணக்குத் தெரியாது. நேற்று மதியம் குடித்த கஞ்சி கட்டிக்கு மேலே அப்படியே நிற்கலாம். முந்தைய ஒன்றிரண்டு நாள் நீராகாரம் மட்டும் என்று முன்பே எழுதுங்கள். படுத்தால் வாயில் எதிர்த்து வருகிறதா என்று கேளுங்கள்.

தலையை 20 முதல் 30 டிகிரி உயர்த்தி, சக்ஷனை ஓடவிட்டுத் தலையணைக்கடியில் வைத்து, விரைவு மயக்கம் (மயக்கியவுடன் தாமதிக்காமல் ட்யூப் போடுவது). மூக்குவழிக் குழாயைக் கட்டிக்குள் குத்திச் செலுத்தாதீர்கள். கட்டி துளைபடும், இரத்தம் கசியும். ராக்குரோனியம் கிலோவுக்கு 1.2 மி.கி. அல்லது சக்சினைல்கோலின் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி. மெலிந்தவருக்குப் புரொபோஃபாலைக் குறைத்து, ஃபினைல்எஃப்ரின் 50 முதல் 100 மைக்ரோகிராம் கையில் தயாராக.

ஆர்ட்டீரியல் லைன், 16 கேஜ் ஊசி இரண்டு, சென்ட்ரல் லைன். கழுத்து வெட்டு இடது என்றால் லைன் வலது ஜுகுலரில். வெப்பமானி மூக்கின் பின்பக்கத்தில் இருக்கட்டும், உணவுக்குழாயில் வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒற்றை நுரையீரல்

வலது மார்பு அறுவை என்பதால் வலது நுரையீரல் சுருங்க வேண்டும். இடப்பக்க டபுள் லூமென் ட்யூபே (இரு நுரையீரலுக்கும் தனித்தனி வழி உள்ளது) நிலையாக நிற்கும். வலது மேல்மடல் கிளை, மூச்சுக்குழாய் இரண்டாகும் பிரிவுக்கு மிக அருகில் கிளம்புவதால் வலப்பக்க ட்யூப் அதை அடைத்துவிடும். ஆண்களுக்கு 39, பெண்களுக்கு 37 என்று புத்தகம் சொல்லும். நம் ஊர் உடல்வாகுக்கு 37, 35 பல வேளை போதும். 170 செ.மீ. உயரத்துக்கு ஆழம் 29 செ.மீ.; 10 செ.மீ. உயரத்துக்கு 1 செ.மீ. கூட்டிக் குறையுங்கள். நீல பலூன் பிரிவுக்குச் சற்றுக் கீழே இடது கிளையில் தெரிய வேண்டும். அதில் 3 மி.லி.க்கு மேல் காற்று வேண்டாம். வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் மேல்மடலின் மூன்று துளைகள் தெரியும். இடம் சரியென்று அதுதான் உறுதிப்படுத்துகிறது.

பக்கவாட்டில் திருப்பிய பின் மறுபடி பார்க்காமல் மார்பைத் திறக்க விடாதீர்கள். கழுத்து நிமிர்ந்தால் ட்யூப் மேலேறும், குனிந்தால் உள்ளே போகும்.

விரைவு மயக்கத்தில் இந்தத் தடித்த ட்யூப் சிக்கலாகத் தோன்றினால், சாதாரண ட்யூப் போட்டு மூச்சுப்பாதையைப் பாதுகாத்துவிட்டு, பிராங்கியல் பிளாக்கரை (ஒரு பக்கக் கிளையை அடைக்கும் பலூன்) இறக்குங்கள். குப்புறப் படுக்க வைக்கும் தோராகோஸ்கோப்பியில் பல இடங்களில் ஒற்றை ட்யூபும், 6 முதல் 8 மி.மீ. அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடுமே போதுமானதாக இருக்கிறது.

காற்றின் அளவை உண்மை எடையில் அல்லாமல் உயரத்தில் கணக்கிடுங்கள். 160 செ.மீ. ஆணுக்குக் கணிப்பு எடை ஏறத்தாழ 57 கிலோ. ஒற்றை நுரையீரலுக்குக் கிலோவுக்கு 5 மி.லி. என்றால் 285 மி.லி., பீப் (மூச்சு விட்ட முடிவில் நிற்கும் அழுத்தம்) 5. இரண்டு நுரையீரலுக்கும் ஓடும்போது 6 முதல் 8. மிஷெலே குழுவினர் 2006இல் இதே அறுவையில் 9 மி.லி.யை 5 மி.லி. மற்றும் பீப் 5உடன் ஒப்பிட்டபோது, குறைந்த அளவில் அழற்சிக் குறிகள் தணிந்திருந்தன. கார்பன் டை ஆக்சைடு சற்று ஏறினால் பதற வேண்டாம்.

ஆக்சிஜன் சரிந்தால் வரிசையாக: ஆக்சிஜனை 100 சதவீதமாக்கி சர்ஜனிடம் சொல்லுங்கள், இரத்த அழுத்தத்தைப் பாருங்கள், பிராங்கோஸ்கோப்பால் ட்யூபைப் பாருங்கள், சளியை இழுங்கள், கீழுள்ள நுரையீரலை ஒரு முறை விரித்து பீப்பைச் சரிசெய்யுங்கள், மேலுள்ளதற்கு மெல்லிய சிபாப் (தொடர் காற்றழுத்தம்) கொடுங்கள், ஆனால் தோராகோஸ்கோப்பியில் அது காட்சியை மறைக்கும். எதுவும் உதவாவிட்டால் இரண்டையும் ஊதுங்கள். இவற்றில் அதிகம் கிடைக்கும் காரணம் நகர்ந்த ட்யூப்தான்.

ஆறாம் படி: இரத்த அழுத்தம் விழும்போது பாட்டிலைத் தொடும் முன்

எபிடியூரல் ஓடுகிறது, மார்பு திறந்திருக்கிறது, அழுத்தம் 80. புதியவரின் கை தானாகச் சலைன் பக்கம் போகும். அந்தச் சலைன் மூன்றாம் நாள் நுரையீரலில் வந்து நிற்கும். இணைப்பையும் வீங்கச் செய்யும். பள்ளமும் மேடும் தெரியாமல் நீர் ஊற்றுவதைவிட, காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்.

சர்ஜனின் கை இதயத்துக்குப் பின்னால் இருக்கிறதா? அப்படியென்றால் மருந்து வேண்டாம், "கையை எடுங்கள்" என்று சொன்னால் போதும். சில விநாடியில் திரும்பும். சக்ஷன் ஜாடியில் இரத்தம் ஏறுகிறதா? கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் கூடி மார்பை இறுக்குகிறதா? மேற்கண்டவை இல்லை, எபிடியூரல் குழாய்களைத் தளர்த்தியிருக்கிறது என்றால் அதற்கு மருந்து நார்அட்ரினலின். 50 மி.லி.யில் 4 மி.கி. கலந்தால் மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 50 கிலோ ஆளுக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம் என்பது மணிக்குச் சுமார் 1.9 மி.லி. சராசரி அழுத்தம் 65க்குக் குறையாமல் வையுங்கள்.

"நார்அட்ரினலின் இரைப்பைக் குழாயின் இரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடுமே" என்ற பயம் பழையது. அந்தக் குழாய் வலது காஸ்ட்ரோஎபிப்ளோயிக் தமனி ஒன்றை நம்பியே உயிரோடு இருக்கிறது, மேல்முனைக்கு நுண்குழாய் வழிதான். பயப்படக் காரணம் உண்டு. ஆனால் அதைக் கெடுப்பதில் குறைந்த அழுத்தமும் இரத்தக் குறைவும்தான் முன்னே நிற்கின்றன. உடம்பில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்க, சிறிய அளவில் நார்அட்ரினலின் கொடுப்பது தவறல்ல. நீர்ம அளவு மணிக்குக் கிலோவுக்கு 2 முதல் 4 மி.லி., சமநிலை உப்புக் கரைசல். இழந்த இரத்தத்துக்குத் தனிக்கணக்கு. சிறுநீர் ஒரு மணி நேரம் குறைந்ததற்காக மட்டும் பாட்டில் மாட்டாதீர்கள்.

ஸ்டேப்ளர் போடும் முன் ஒரு கேள்வியை நீங்களே கேளுங்கள்: மூக்கு, வாய் வழியாக உணவுக்குழாயில் வைத்தது எல்லாம் வெளியே வந்துவிட்டதா? குழாயோடு சேர்த்துத் தைத்த சம்பவங்கள் உண்டு. இணைப்பு முடிந்ததும் மூக்குவழிக் குழாயை சர்ஜன் சொல்லச் சொல்ல இறக்கி, குறியை எழுதி, உறுதியாக ஒட்டுங்கள். அது வார்டில் நழுவி வந்தால் யாரும் குருட்டாம்போக்கில் திரும்பப் போடக் கூடாது. போனால் புதுத் தையல் வழியாகத்தான் போகும்.

ஏழாம் படி: எழுப்புதல்

முடிந்தவரை தியேட்டரிலேயே ட்யூபை எடுங்கள். உடல் வெப்பம் 36க்கு மேல், டி.ஓ.எஃப். விகிதம் (தசைபலம் திரும்பியதன் அளவு) 0.9க்கு மேல், நார்அட்ரினலின் குறைந்த அளவில், எபிடியூரல் பட்டை சரி. தலையை உயர்த்தி, நன்றாக விழித்த பின். ட்யூப் எடுத்ததும் பேசச் சொல்லுங்கள்: குரல் கரகரத்தால் குரல்நாணுக்குப் போகும் ரெகரண்ட் நரம்பு அடிபட்டிருக்கலாம், அவருக்குப் புரை ஏறும், இருமல் பலமற்றது, வாய்வழி உணவு தாமதமாகும். ஆம்பு பையை வேகமாக அழுத்தி ஊதாதீர்கள். காற்று இணைப்புக்குள் போகும். ஆக்சிஜன் தேவை கூடினால் ஹைஃப்ளோ நேசல் முதல் வரிசையில்.

வாந்தி தையலுக்கு எதிரி. ஆன்டான்செட்ரான் 4 மி.கி., டெக்சாமெதசோன் 4 முதல் 8 மி.கி. முன்கூட்டியே.

எட்டாம் படி: வார்டில் அடுத்த ஐந்து நாள்

வலி ரவுண்டுக்குப் போனால் கட்டிலின் தலைமாட்டில் நின்று கேட்க வேண்டியவை: இருமும்போது வலி பத்துக்கு எத்தனை? ஸ்பைரோமீட்டரில் எத்தனை பந்து? நாற்காலியில் உட்கார்ந்தாரா? மூச்சு எண்ணிக்கை, தூக்கக் கலக்கம், இரத்த அழுத்தம். அப்புறம் இரண்டு கால்களையும் தூக்கச் சொல்லுங்கள்.

மார்பு எபிடியூரலில் மெல்லிய மருந்து ஓடும்போது கால் கனக்கக் கூடாது. கனத்தால் உடனே பம்பை நிறுத்துங்கள். நிறுத்தியும் நான்கு மணி நேரத்தில் பலம் திரும்பவில்லை என்றால், அல்லது புது முதுகுவலியோடு பலம் போய்க்கொண்டே இருந்தால், அது இரத்தக்கட்டு என்றே எண்ணி அவசர எம்.ஆர்.ஐ. எட்டு மணி நேரத்துக்குள் தண்டுவடத்தின் மேலுள்ள அழுத்தத்தை எடுத்தால்தான் கால் திரும்ப நல்ல வாய்ப்பு. "காலையில் பார்க்கலாம்" என்பது இங்கே நடவாது.

வலிக்கிறது என்றால் எங்கே என்று கேளுங்கள்.

தோள்பட்டையில் என்றால் உதரவிதான நரம்பின் வழி வரும் வலி. எபிடியூரலை எவ்வளவு கூட்டினாலும் போகாது. பாராசிட்டமால், வடிகுழாயின் நிலையைச் சரிபார்த்தல், வெதுவெதுப்பு.

வெட்டில் என்றால் முதலில் தோலில் கதீட்டர் குறியைப் பாருங்கள், ஃபில்டர் கழன்றிருக்கிறதா பாருங்கள், பிறகு பனிக்கட்டி. பட்டை இரு பக்கமும் இருக்கிறது, ஆனால் குறுகலானது என்றால் 5 மி.லி. ஒரு தடவை கொடுத்து வேகத்தை 2 மி.லி. கூட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் கதீட்டரை 1 முதல் 2 செ.மீ. வெளியே இழுக்கலாம், உள்ளே 3 செ.மீ. மிஞ்ச வேண்டும், இதற்கும் முன்பு சொன்ன எனாக்ஸபாரின் மணிக்கணக்கு பொருந்தும். எதுவுமே இல்லை என்றால் 1 சதவீத லிக்னொகெய்ன் 5 மி.லி.; அரை மணிக்குள் மாற்றமில்லை என்றால் அந்தக் கதீட்டரைக் கைவிட்டு பி.சி.ஏ. (நோயாளியே பொத்தானை அழுத்தி எடுத்துக்கொள்ளும்) மார்ஃபினைத் தொடங்குங்கள், ஒரு தடவைக்கு 1 மி.கி. ஓடாத எபிடியூரலை இரவெல்லாம் தட்டிக்கொட்டிக்கொண்டிருப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

கூடவே பாராசிட்டமால் 6 மணிக்கொரு முறை 1 கிராம். 50 கிலோவுக்குக் கீழே கிலோவுக்கு 15 மி.கி., ஈரல் பலவீனமானவருக்கு இன்னும் குறைவு. டைக்ளோஃபெனாக் வகை மருந்துகளில் சிறுநீரகம், இணைப்புக் கசிவு என இரண்டு கவலை. சர்ஜனோடு பேசாமல் எழுத வேண்டாம். டிராமடால் எழுதினால், வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் அதன் பலத்தைக் குறைக்கும் என்று தெரிந்து எழுதுங்கள். எபிடியூரலோ பிளாக்கோ ஓடும்போது சிரைவழி லிக்னொகெய்ன் கூடாது.

ஜெஜுனாஸ்டமி குழாயில் மாத்திரையை இடித்துப் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும், திரும்பத் திறப்பது பெரும்பாடு. திரவ மருந்தை நீர்த்துக் கொடுத்து, முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். சார்பிடால் கலந்த சிரப் வயிற்றுப்போக்கைத் தரும். மெதுவாகக் கரையும் மாத்திரைகளை ஒருபோதும் இடிக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

அடங்கியிருந்த வலி நான்காம் ஐந்தாம் நாளில் திடீரென ஏறினால் பம்பின் வேகத்தைக் கூட்டிவிட்டு நகராதீர்கள். நாடி வேகம், காய்ச்சல், புதிதாக வந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வடிகுழாயில் கலங்கல்: இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கசிவு என்று சர்ஜனை எழுப்புங்கள். நல்ல எபிடியூரல் கசிவின் வலியை மறைக்கவும் செய்யும். அதனால் நாடியை நம்புங்கள். பொட்டாசியம் 4க்குக் கீழே இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள்.

கதீட்டரைப் பொதுவாக மூன்றாம் முதல் ஐந்தாம் நாளுக்குள் எடுக்கிறோம். காலையில் மாற்று மருந்தைக் கொடுத்துவிட்டு, பம்பை நிறுத்தி, நான்கைந்து மணி நேரம் பாருங்கள், தாங்கினால் எடுங்கள். எனாக்ஸபாரின் 40 மி.கி. இரவு 8 மணிக்குப் போகிறது என்றால், மறுநாள் காலை 8க்கு முன் கதீட்டர் அசையக் கூடாது. நண்பகலில் எடுத்தால் அன்றிரவு 8 மணி ஊசிக்கு நான்கு மணி நேர இடைவெளி தாராளமாகக் கிடைக்கும். முனை முழுதாக வந்ததா என்று பார்த்து எழுதுங்கள். கால் பரிசோதனையை அடுத்த நாளும் தொடருங்கள். எடுத்த பிறகும் இரத்தக்கட்டு வரலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது, வெட்டைச் சுற்றி எரிச்சல், சட்டை பட்டாலே கூசுதல் சில வாரம் இருக்கலாம் என்று சொல்லுங்கள். தூக்கத்தைக் கெடுத்தால் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. தொடக்கமாகச் சரி, முதியவருக்கு மலச்சிக்கலும் மயக்கமும் பார்த்து. மூன்று மாதம் தாண்டியும் தொடர்ந்தால் வலி கிளினிக்குக்கு அனுப்புங்கள். ஒரேயடியாக ஆறிப்போன இடத்தில் பல மாதம் கழித்து வலி புதிதாகக் கிளம்பினால் நரம்பு மாத்திரையைக் கூட்டும் முன் ஒரு சி.டி. எடுத்து, நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.